சாம்பியனை வென்றவர்களுக்குப் பட்டம் இல்லை!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்று ஓர் ஊர். அங்கே 1873-ல் கருப்பு இனத்தவருக்காக ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. பெயர், வைலி கல்லூரி. சிறிய கல்லூரிதான். பணவசதியும் கிடையாது.

ஆனால், 1935-ம் ஆண்டில் அந்தக் கல்லூரி மாணவர்கள் நாட்டின் விவாதச் சாம்பியனையே எதிர்த்து மேடை ஏறினார்கள். அந்தச் சாம்பியன், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம்.

பொல்லாத வாத்தியார்

இதற்கெல்லாம் காரணம் ஓர் ஆங்கில ஆசிரியர். மெல்வின் டால்சன் என்பது அவர் பெயர். கவிஞர். 1924-ல் அவர் கல்லூரியில் விவாதக் கழகம் அமைத்தார்.

அவருடைய பயிற்சி கடுமையானது. மாணவர்கள் பேச வேண்டியதை அவரே எழுதிக் கொடுப்பார். அதை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். எந்த இடத்தில் நிறுத்துவது, எப்போது கையை உயர்த்துவது என்பதையும் சொல்லிக் கொடுப்பார். எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்று முன்கூட்டியே ஊகித்து, அதற்கும் பதில் எழுதி வைத்துவிடுவார்!

மனப்பாடப் பேச்சு விவாதமாகுமா என்று சிலர் கேட்கலாம். அந்த மாணவர்களின் நிலைமை வேறு. மேடையில் ஒருவர் நாக்குத் தடுமாறினாலும் போதும், அவர் இனத்தையே பழிக்கக் காத்திருந்தார்கள்.

1,500 மைல்

லாஸ் ஏஞ்சல்ஸ் ஏறத்தாழ 1,500 மைல் தொலைவு. வழியில் வெள்ளையரின் ஓட்டல்களில் தங்க முடியாது. பசித்தாலும், நினைத்த கடையில் நுழைந்து சாப்பிட முடியாது. தென் மாநிலங்களில் அந்நாளில் அதுவே சட்டம், அதுவே வழக்கம்.

போர்த் தளவாடங்களை நாடு விட்டு நாடு அனுப்புவதைத் தடுக்கலாமா? அந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகள் விவாதத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் அது.

வைலி வென்றது!

ஆனால் சாம்பியன் பட்டம் கைமாறவில்லை. விவாதப் போட்டிகளை நடத்திய கல்லூரிச் சங்கத்தில் கருப்பு இனத்தவருக்கு இடமில்லை. உறுப்பினராக இல்லாதவர்கள் ஜெயித்தால் அது கணக்கில் சேராது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அந்தக் கதவு திறந்தது. வாதத்தில் வென்றவர்களை விதியைக் காட்டி வெளியே நிறுத்தியது என்ன நியாயமோ!

பதினான்கு வயதுப் பையன்

டால்சனிடம் பயின்றவர்களில் ஜேம்ஸ் பார்மர் ஒருவர். பதினான்கு வயதிலேயே கல்லூரியில் சேர்ந்தவர். விவாதக் குழுவில் இருந்த அவர், 1942-ல் இனச் சமத்துவப் பேரவையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1961-ல் பஸ்களில் இன வேற்றுமையை எதிர்த்து அந்தப் பேரவை விடுதலைப் பயணம் நடத்தியது. கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே பஸ் ஏறினார்கள். அடி விழுந்தது. ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். பார்மர் சிறை சென்றார்.

2007-ல் இந்தக் கதை சினிமாவாக வந்தது. டென்சல் வாஷிங்டன் அதை இயக்கி, டால்சனாகவும் நடித்தார். படத்தில் தோற்பது தென் கலிபோர்னியா அல்ல, ஹார்வர்டு! சினிமாவுக்கு அந்தப் பெயர்தான் எடுப்பாக இருந்தது போலும்.

எப்போதோ நின்றுபோன விவாதக் குழுவை மறுபடி தொடங்குவதற்காக, வைலி கல்லூரிக்கு அவர் 10 லட்சம் டாலர் கொடுத்தார்.