உங்களுக்குத் தெரியுமா? – வளையலாம், உடையக் கூடாது!

போன தை மாதம் சிவகங்கைப் பக்கம் மாமாவின் புஞ்சையில் கூடாரம் போட்டு மூன்று இரவு தங்கினோம். கண்மாய்க் கரை வரைக்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிற நிலம். "எம்புட்டு வேணும்னாலும் வெட்டுங்க மாப்ளே, எனக்குக் கூலி மிச்சம்" என்றார் மாமா. தார்ப்பாயில் நான்கு பெரிய கத்திகளை வரிசையாக வைத்தோம்: நேபாளத்துக் குக்ரி, மலேசியாவிலிருந்து அத்தான் கொண்டுவந்த பாராங், தென்னமெரிக்க பாணி மச்செட்டி, திருப்பாச்சேத்தி அரிவாள். எது நாள் முழுக்க உழைக்கும், எது பாதியில் கைவிடும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அந்த மூன்று நாளில் கண்டதும், அதை ஒட்டித் தேடிப் படித்ததும் இங்கே.

● கத்திக்கும் பரீட்சை உண்டு. 1976-ல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கொல்லர் சங்கம் அதை நடத்துகிறது. 'ஜர்னிமேன்' பட்டம் கேட்கிற கொல்லர் தன் கையால் அடித்த ஒரே கத்தியை வைத்து நான்கு காரியம் செய்துகாட்ட வேண்டும். முதலில், தொங்குகிற ஓர் அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் துண்டிக்க வேண்டும். கயிற்றின் கீழ்முனை எதிலும் கட்டப்பட்டிருக்காது. மொண்ணைக் கத்தி பட்டால் கயிறு ஒதுங்கி ஆடிவிடும், அறுபடாது. அடுத்து, 'டூ பை ஃபோர்' மரச்சட்டத்தை இரண்டு தடவை முழுசாகத் துண்டாக்க வேண்டும், எத்தனை வீச்சு என்று கணக்கில்லை. மூன்றாவதாக, இவ்வளவும் வெட்டிய அதே வாயால் கையிலுள்ள ரோமத்தை மழிக்க வேண்டும். நடுவில் சாணை பிடிக்கக் கூடாது. கடைசியில் கத்தியை வைஸில் இறுக்கி 90 டிகிரிக்கு வளைப்பார்கள். வளைந்து நின்றால் தேர்ச்சி, உடைந்து விழுந்தால் தோல்வி.

இந்த வரிசையை யோசித்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கூர், உழைப்பு, உழைத்த பிறகும் மிஞ்சும் கூர், கடைசியில் உடையாத குணம் என்று ஒரு வெட்டுக்கத்தியின் முழு வாழ்க்கையும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. புஞ்சையில் நாங்களும் இதே வரிசையில்தான் போனோம். வளைப்பதை மட்டும் விட்டுவிட்டோம். வளைத்துப் பார்த்த கத்தி அதன் பிறகு வேலைக்கு ஆகாது.

● கூர் நிற்க வேண்டுமென்றால் எஃகு கெட்டியாக இருக்க வேண்டும். அடி தாங்க வேண்டுமென்றால் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். காய்கறிக் கத்தி கெட்டியாக இருக்கலாம், அது பலகையைத் தாண்டி எதையும் சந்திப்பதில்லை. கருவேலங்கணுவில் இறங்குகிற கத்திக்கு அந்தக் கெட்டித்தனமே எமன்.

● இந்தச் சிக்கலை நேபாளக் கொல்லர்கள் ஒரு கெண்டியால் தீர்த்தார்கள். பழுக்கக் காய்ச்சிய குக்ரியை அப்படியே தண்ணீரில் முக்காமல், கெண்டியிலிருந்து மெல்லிய தாரையாக வாயின் மேல் மட்டும் தண்ணீர் விடுவார்கள். வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும். முதுகு மெதுவாக ஆறி இளக்கமாக நிற்கும். ஒரே இரும்பில் இரண்டு குணம். கருவி என்று பார்த்தால் தேநீர் ஊற்றுகிற கெண்டி மாதிரிதான். எவ்வளவு தண்ணீர், எந்த இடத்தில், எந்த நொடியில் என்பதெல்லாம் கையின் கணக்கு.

● குக்ரியை உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக் கூடாது என்பது வெறும் கதை. நேபாளக் கிராமங்களில் அது விறகு பிளக்கும், புல் அறுக்கும், காய் நறுக்கும். உறையில் கூடவே இரண்டு சின்னக் கத்திகள் இருக்கும். கர்தா என்பது நுணுக்க வேலைக்கு. கூரில்லாத சக்மக், பெரிய கத்தியின் வாயைத் தேய்த்துச் சீர்படுத்தவும் கல்லில் உரசித் தீப்பொறி எடுக்கவும்.

● கொல்லர் பட்டறை ஏன் எப்போதும் இருட்டாக இருக்கிறது? வெளிச்சம் இருந்தால் இரும்பின் நிறம் தெரியாது என்பதால்தான். காய்கிற இரும்பின் சிவப்பைப் பார்த்தே சூட்டை அளக்கிறார் கொல்லர். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. அதனால் சிலர் பக்கத்தில் காந்தம் வைத்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போன பிறகுதான் தோய்ச்சல்.

● லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் நம்மூர் அரிவாளுக்கும் நேபாளக் குக்ரிக்கும் பிடித்தமான இரும்பு. ஸ்பிரிங் எஃகில் பேர்பெற்ற 5160 வகையில் கரி ஏறக்குறைய 0.6 சதவீதம், குரோமியம் ஏறக்குறைய 0.8 சதவீதம். பள்ளத்தில் விழுந்து எழுந்து, வளைந்து நிமிர்ந்து பழகுவதற்கென்றே செய்த எஃகு அது. ஒரு குறை உண்டு. பல வருஷம் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கலாம். அதில் அடித்த கத்தி நன்றாக வெட்டிக்கொண்டே இருந்து ஒருநாள் திடீரென்று இரண்டாகும்.

● அந்தக் கீறலைப் பிடிக்கிற வித்தை நம் பாட்டிமாருக்குத் தெரியும். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பார்களே, அதேதான். கத்தியை ஒரு நூலில் தொங்கவிட்டு, சின்னக் கட்டையால் தட்டுங்கள். மணி மாதிரி நீண்டு கேட்டால் நல்லது. 'டொக்' என்று செத்துப்போனால் எங்கோ விரிசல் இருக்கிறது, அல்லது பிடி ஆடுகிறது என்று சந்தேகப்படலாம். தார்ப்பாயில் வைத்திருந்த நான்கையும் முதல்நாள் மாலையே தட்டிப் பார்த்தோம். திருப்பாச்சேத்தி அரிவாள் கொடுத்த ஓசை அடங்கும்வரை யாரும் பேசவில்லை.

● எஃகின் கெட்டித்தனத்தை அளக்க ஆலைகளில் இருப்பது ராக்வெல் அளவு. ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1914-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவி. 'சி' அளவில், கூம்பாக்கிய வைர முனையை 150 கிலோ பாரத்தில் எஃகின்மேல் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்ப்பார்கள். காட்டில் அந்த மெஷினுக்கு எங்கே போவது? பையில் ஓர் அரம் போதும். கத்தியின் முதுகில் அரம் சுலபமாகக் கடித்து, வாய்ப்பக்கம் தயங்கித் தயங்கிக் கடித்தால் கொல்லர் பதம் பார்த்து வேலை செய்திருக்கிறார். இரண்டு பக்கமும் வெண்ணெய் மாதிரி கடித்தால் தோய்ச்சலே வைக்கவில்லை. வாயில் கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கினால் இன்னும் எச்சரிக்கை: பல் விழப்போகிறது.

● நல்ல கூருக்கு நிறம் கிடையாது. டார்ச் வெளிச்சத்தில் கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பித் தராது. எங்கே வெள்ளிப் புள்ளியாக மின்னுகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. கட்டைவிரல் நகத்தின்மேல் விளிம்பை மெதுவாக, அழுத்தாமல் இழுத்தால், கண்ணுக்குத் தப்பிய பல்லும் நகத்தில் தட்டும்.

இரண்டாம் நாள் மதியம் நான் இதைச் செய்தபோது, மச்செட்டியின் வாயில் நடுவே ஒன்றரை விரல் அகலத்துக்கு அலை மாதிரி மடங்கியிருந்தது. பாராங்கில் ஒன்றுமில்லை. வருத்தப்பட அவசியமில்லை என்று பிறகு புரிந்தது. மடங்கிய வாயைக் கல்லில் பத்து நிமிஷம் தேய்த்து நிமிர்த்திவிடலாம். பேர்ந்துபோன வாயைச் சரிசெய்ய, பல் மறையும்வரை இரும்பைத் தேய்த்தே தீர வேண்டும்.

● மச்செட்டி மெலிந்திருப்பது குறையல்ல. 2, 3 மில்லிமீட்டர் தகடுதான் அது. கரும்பு, புல், வாழை, பச்சைக் கொடி இவற்றை நாளெல்லாம் கை சலிக்காமல் வீசி அறுக்கப் பிறந்தது. குக்ரியின் முதுகோ 8 மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது சாதாரணம். கரும்புக் கத்தியைக் கருவேலத்தில் இறக்கிவிட்டு அது தோற்றது என்று சொல்வது நியாயமில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1826-ல் தொடங்கி 1966 வரை நடந்த காலின்ஸ் கம்பெனி, கோடாரியோடு மச்செட்டியும் செய்து லத்தீன் அமெரிக்கா முழுக்க அனுப்பியது, எல்லாம் மெல்லியவைதான்.

● தேக்கிலும் மூங்கிலிலும் சிலிக்கா இருக்கிறது, அதாவது மணலின் சரக்கு. மூங்கில் வெட்டிய கத்தி சீக்கிரம் மழுங்குவது அதனால்தான். உங்கள் கத்தியின் கூர் எவ்வளவு நிற்கும் என்று பார்க்க, காய்ந்த மூங்கிலைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது. அடி தாங்குமா என்று பார்க்கக் கணு உள்ள காய்ந்த கட்டை. கூறு போடும்போது கறிக்கடைக்காரர் புளியங்கட்டையை நம்புகிற மாதிரி, அடியில் வைக்கும் கட்டையும் மரமாகவே இருக்கட்டும். கல்லிலோ தரையிலோ பட்ட ஒரு வெட்டு, நூறு வெட்டின் கூரைத் தின்றுவிடும்.

● கட்டைக்கு நேர் குறுக்கே வெட்டாதீர்கள். சாய்த்து வெட்டி, எதிர்ச்சாய்வில் இன்னொன்று வெட்டினால் சில்லு தானாகப் பேரும். கத்திக்கும் பாதி வேதனைதான்.

● கிரிக்கெட் மட்டையில் பந்து பட்டதே தெரியாத இடம் ஒன்று இருக்குமல்லவா, கத்திக்கும் அது உண்டு. பிடியைத் தளர்வாகப் பிடித்து, கத்தியின் முதுகால் ஒரு கட்டையில் நுனியிலிருந்து பிடிவரை வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். மற்ற இடங்களில் உள்ளங்கை அதிரும். ஓரிடத்தில் மட்டும் சுத்தமாக அதிராது. வெட்டு அங்கே விழுந்தால் கைக்கும் சுகம், பிடிக்குள் போகிற வாலுக்கும் ஆயுள்.

● பெரும்பாலான வெட்டுக்கத்திகள் வாயில் தோற்பதில்லை, பிடியில்தான் தோற்கின்றன. இதை நான் பயந்து கற்றுக்கொண்டேன். நாலைந்து வருஷம் முன்பு ஒரு கடையில் பளபளவென்ற ஸ்டெயின்லெஸ் கத்தி ஒன்றை வாங்கினேன். ஓர் அடி நீளம், வேலைப்பாடான பிடி. முகாமில் முதல் மாலை, முழங்கை கனமுள்ள கிளையில் நாலாவது வெட்டு. என் கையில் பிடி மட்டும் நின்றது. கத்தி சுழன்று போய் மண்ணில் குத்தி நின்ற இடத்துக்கும், தங்கச்சி மகன் உட்கார்ந்திருந்த பாய்க்கும் நடுவே இரண்டடி இருந்திருக்கும். அவன் கைதட்டினான். எனக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் பிடியைப் பிளந்து பார்த்தேன். உள்ளே வால் பென்சில் கனத்துக்கு ஒரு கம்பி. அதையும் அகலத் தகட்டோடு ஒரு பொட்டு வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பொட்டுதான் விட்டிருந்தது.

அதன் பிறகு எந்தப் புதுக்கத்தியையும் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்கிறேன். சுற்றி இருபதடி யாரும் இல்லாமல், பிடியைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தடித்த கட்டையில் முப்பது வெட்டு. பிறகு பிடியும் இரும்பும் சேருமிடத்தை விரலால் தடவிப் பார்ப்பது. மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அது அலமாரிக்கு.

● குக்ரியின் பிடி அரக்கால் ஒட்டப்பட்டிருக்கும். அரக்கு சூட்டில் இளகும். அடுப்புத் தீயருகே சாய்த்து வைத்தாலோ வெயிலில் நின்ற காருக்குள் விட்டாலோ, மறுநாள் பிடி ஆடும். நம்மூர்க் கொல்லர் வேறு வழி: வாலைப் பழுக்கக் காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கி, தனக்கு வேண்டிய துளையைத் தானே சுட்டுக்கொள்ளவைத்து, மேலே பூண் போடுவார்.

● கடும் குளிரில் எஃகு நொறுங்கும் குணத்துக்கு வரும். பனி நாடுகளில் மரம் வெட்டுபவர்கள் காலையில் கோடாரியை இளஞ்சூடு காட்டிய பிறகே முதல் வெட்டு வெட்டுவார்கள்.

● சாணைச் சக்கரத்தில் கத்தி வாய் நீலமானால் போச்சு என்று அர்த்தம். கார்பன் எஃகு 300 டிகிரியை நெருங்கும்போது அந்த நீலம் வரும். அத்தோடு வைத்த பதம் இறங்கிவிடும். நல்ல அரிவாள் ஒன்றை இப்படித் தெருச் சாணையில் பறிகொடுத்தேன். பொறி பறந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. இப்போது தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கையால்தான் கல்லில் தேய்க்கிறேன்.

● கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பவர்கள் கவனிக்க: மரக்கட்டையால் மட்டும். சுத்தியலோ இன்னொரு கத்தியின் முதுகோ பட்டால், தெறிக்கிற இரும்புத் துணுக்கு நேரே கண்ணைத் தேடும்.

● 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. ஆனாலும் பயணத்தில் சாக்கில் சுற்றிக் கட்டி, சாமான்களுக்கு அடியில் வைப்பதே மரியாதை. காப்புக்காடுகளில் ஒரு குச்சியைக்கூட வெட்டாதீர்கள். பச்சை மரம் சோதனைச்சாலை அல்ல. சொந்தப் புஞ்சை, அனுமதி வாங்கிய தோட்டம், சீமைக் கருவேலம் இவை போதும்.

● தோல் உறை பயணத்துக்குத்தான், கத்தி குடியிருக்க அல்ல. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நாலு மாதம் கழித்து உருவினால் துரு வரிவரியாக ஏறியிருக்கும். மாமா வீட்டில் அரிவாளுக்கு உறையே கிடையாது. வேலை முடிந்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்து, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில் வாய் உள்பக்கமாகச் செருகிவிடுவார். அவர் கல்யாணத்துக்கு முன்பே அடித்து வாங்கியது. தேய்ந்து தேய்ந்து அகலம் முக்கால்வாசிதான் மிச்சம், பிடி மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. மூன்றாம் நாள் எங்கள் நான்கு கத்திகளும் ஓய்ந்த பிறகு, மிஞ்சிய கருவேலந்தூரை அதை வைத்துத்தான் வெட்டி முடித்தார்.