பாதி மேடை, பாதி ஸ்டுடியோ

சுருதி இம்மி விலகினாலும் முன்வரிசையில் தலைகள் திரும்பிப் பார்க்கும் வட்டாரம் அது. வடாலா, மாதுங்கா, கிங்ஸ் சர்க்கிள் என்று தென்னிந்தியர்கள் தலைமுறைகளாக வேர்விட்ட பகுதி. கச்சேரி என்றால் சண்முகானந்தா அரங்கம்தான். அங்கிருந்து சயானையும் தாராவியையும் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகம். 2008 பிப்ரவரி 1 அன்று அந்த மைதானத்தில் எழுந்த சத்தத்துக்கும் சண்முகானந்தாவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழு தன் உலகப் பயணத்தை அன்று மும்பையில்தான் தொடங்கியது. குழுவையும் சாமான்களையும் சுமந்த போயிங் 757 விமானத்தை ஓட்டியவர்களில் பாடகர் புரூஸ் டிக்கின்சனும் ஒருவர்! பயணத்தையொட்டி அந்த ஆண்டு மே மாதம் ஒரு தொகுப்பு வெளிவந்தது: 'சம்வேர் பேக் இன் டைம்'. எண்பதுகளின் பாடல்கள். பெரும்பாலானவை ஸ்டுடியோவில் பதிவானவை. நான்கு மட்டும் 1985இல் வெளியான 'லைவ் ஆஃப்டர் டெத்' என்ற மேடைப் பதிவிலிருந்து எடுத்தவை.

ஏன் இந்தக் கலவை? விடையில் கொஞ்சம் கசப்பு உண்டு. அந்த நான்கில் மூன்று பாடல்களை முதலில் ஸ்டுடியோவில் பாடியவர் டிக்கின்சன் அல்ல, பால் டியான்னோ. 1980, 1981இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்கள் அவருடையவை. தெருமுனை முரட்டுத்தனம் கொண்ட குரல். 1981இல் அவர் வெளியேற, டிக்கின்சன் வந்தார். பழைய பாடல்களை மேடைப் பதிவாகச் சேர்த்ததில் தொகுப்பு முழுக்க ஒரே குரல் ஆகிவிட்டது. புதிதாகக் கேட்கும் இளைஞனுக்கு டியான்னோ என்று ஒருவர் இருந்ததே தெரியாது. அவர் 2024 அக்டோபரில் காலமானார்.

வியாபாரக் கணக்கில் இது சரிதான். டிக்கின்சனின் நீண்டு உயரும் உச்சஸ்தாயியும், இரண்டு கிடார்கள் சேர்ந்து இசைக்கும் மெட்டும்தானே ஜெர்மனியின் ஹலோவீன் போன்ற குழுக்களுக்கு வழிகாட்டின? 1987இல் அவர்கள் அதில் அசுர வேக டிரம்ஸைக் கலந்தார்கள். 'பவர் மெட்டல்' தழைத்தது. ஆனால் வரலாறு என்று விற்கும்போது முதல் அத்தியாயத்தில் வேறு ஆளின் குரலை வைக்கலாமா?

மேடைப் பதிவு என்பதே முழு உண்மையல்ல என்பவர்களும் உண்டு. ஜூடாஸ் ப்ரீஸ்ட் 1979இல் ஜப்பானில் பதிவுசெய்த 'லைவ்' ஆல்பத்தின் பாட்டுப் பகுதிகளை ராப் ஹால்ஃபோர்ட் பிறகு ஸ்டுடியோவில் மீண்டும் பாடினார். சபாக் கச்சேரி கேசட்டில் இருமலும் "சபாஷ்" குரலும் அப்படியே இருக்குமே, அந்த நாணயம் இங்கே எப்போதும் கிடைப்பதில்லை.

மும்பைக்கு ஓர் ஆறுதல். 2009இல் இந்தப் பயணத்தைப் பற்றிய 'ஃப்ளைட் 666' படம் வந்தது. அதன் இசைத் தொகுப்பில் 16 பாடல்கள், 16 நகரங்கள். முதல் பாடல் 'ஏசஸ் ஹை'. பதிவான இடம், தாராவிக்கு எதிர்க்கரையில் இருக்கும் அதே மைதானம்.