முன்னும் பூஜ்யம், பின்னும் பூஜ்யம், நடுவில் 17 பட்டங்கள்: டிக் கூல்ட் ஸ்டான்போர்டில் செய்தது என்ன?

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தை நமக்கு நன்றாகவே தெரியும். நம்ம சுந்தர் பிச்சை எம்.எஸ். படித்த இடம், கூகுள் நிறுவனர்கள் சந்தித்துக்கொண்ட இடம். டென்னிஸ் ரசிகர்களுக்கு அந்தப் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் தெரியும். ஆண்கள் டென்னிஸில் அந்தப் பல்கலைக்கழகம் 17 முறை தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது.

அதுல என்ன ஆச்சரியம், பெரிய பல்கலைக்கழகம்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த 17 பட்டங்களும் எந்த ஆண்டுகளில் வந்தன என்று பாருங்கள். முதல் பட்டம் 1973-ல். கடைசிப் பட்டம் 2000-ல். அணிப் பட்டம் வழங்கத் தொடங்கிய 1946-லிருந்து 1972 வரை ஸ்டான்போர்டுக்கு ஒன்றுகூட இல்லை. 2001-லிருந்து 2025 வரையும் ஒன்றுகூட இல்லை. இடையில் வந்த 17-ம் ஒரே பயிற்சியாளர் இருந்த காலத்தில் வந்தவை. அவர் பெயர் டிக் கூல்ட்.

மைதானம் அதே ஊர்தான். வெயில் அதேதான். பல்கலைக்கழகத்தின் பெயரும் அதேதான். அப்படியானால் அந்த மனிதர் என்னதான் செய்தார்?

கல்லூரி கோச் வேலை ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு கிரிக்கெட் அணியில் நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி அணியில் அது நடக்காது. அதிகபட்சம் நான்கு ஆண்டுகள். படிப்பு முடிந்ததும் மாணவர் கிளம்பிவிடுவார். அதுவும் டென்னிஸில் இன்னொரு சிக்கல் உண்டு. மிக நன்றாக ஆடும் பையன் நான்கு ஆண்டுகூட இருக்க மாட்டான். ஓராண்டிலோ இரண்டாண்டிலோ தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுவான். அதாவது, யாரை நன்றாக வளர்க்கிறீர்களோ அவரைத்தான் முதலில் இழப்பீர்கள்.

இன்னொன்று உதவித்தொகை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, ஆண்கள் டென்னிஸ் அணிக்குப் பல ஆண்டுகளாக வைத்திருந்த உச்சவரம்பு 4.5 முழு உதவித்தொகைதான். ஒற்றையர் ஆட்டத்துக்கே ஆறு பேர் வேண்டும். 4.5-ஐ அத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பணத்தைக் காட்டி ஆள் சேர்க்கும் வேலை அப்போது ஒரு எல்லைக்கு மேல் நடக்கவில்லை.

யார் இந்த கூல்ட்?

ஸ்டான்போர்டிலேயே படித்து, அந்த அணிக்காகவே ஆடியவர். படிப்பு முடிந்ததும் அருகிலுள்ள ஒரு உயர்நிலைப் பள்ளியிலும், பிறகு ஃபுட்ஹில் கல்லூரி என்ற ஈராண்டுக் கல்லூரியிலும் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். 1966-ல் ஸ்டான்போர்டு ஆண்கள் அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அன்றைய நிலவரம் என்ன தெரியுமா? கல்லூரி டென்னிஸ் என்றால் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் இரண்டு பல்கலைக்கழகங்கள்தான்: யுஎஸ்சி, யுசிஎல்ஏ. 1960-லிருந்து 1971 வரை பன்னிரண்டு ஆண்டுகள், பட்டம் இந்த இரண்டில் ஒன்றுக்கே போனது. கலிபோர்னியாவின் நல்ல இளம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் தெற்கே அங்கேதான் போவார்கள். ஸ்டான்போர்டோ வடக்கே இருக்கிறது. அங்கே சேர்க்கை கிடைப்பதும் லேசான காரியம் இல்லை. டென்னிஸ் மட்டும் தெரிந்தால் போதாது, மதிப்பெண்ணும் வேண்டும்.

ஏழாவது சீசனில் முதல் வெற்றி

கூல்டின் முதல் பட்டம் உடனே வந்துவிடவில்லை. ஆறு சீசன்கள் வெறுங்கையோடு போயின. இடையில் ராஸ்கோ டேனர் வந்தார். இடதுகை ஆட்டக்காரர், இடி மாதிரி சர்வீஸ். பின்னாளில் ஆஸ்திரேலிய ஓபன் வென்று, 1979 விம்பிள்டன் இறுதியில் போர்கை ஐந்து செட் வரை இழுத்தவர். டேனர் கல்லூரி ஒற்றையர் இறுதிக்கு 1970-லும் 1972-லும் வந்தார். இரண்டிலும் தோற்றார். 1972-ல் சாண்டி மேயருடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். அந்த ஆண்டு அணிப் பட்டம் டிரினிட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனது.

டேனர் கிளம்பிப் போன மறு ஆண்டு, 1973-ல், ஸ்டான்போர்டு முதல்முறையாக தேசிய சாம்பியன் ஆனது. பெயரை வெளியே தெரியவைத்த ஆட்டக்காரருக்கு அணிப் பட்டம் கிடைக்கவில்லை, அவருக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கிடைத்தது. கூல்டின் கதை முழுக்க இந்த வரிசைதான். ஒருவர் போவார், அடுத்தவர் தயாராக இருப்பார்.

மைதானத்துக்கு வெளியேயும் அவருக்கு வேலை இருந்தது. கல்லூரி டென்னிஸைப் பார்க்க யார் வருவார்கள்? யுஎஸ்சி, யுசிஎல்ஏ அணிகளோடு மோதும் பெரிய ஆட்டங்களைக் கூடைப்பந்து நடக்கும் மேபிள்ஸ் உள்ளரங்கத்துக்குக் கொண்டுபோனார். ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் ஆடும் ஆசை பள்ளியில் படிக்கும் அடுத்த தலைமுறைக்கும் தொற்றியது.

நட்சத்திரம் முக்கியமா, ஆறாவது ஆள் முக்கியமா?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1976 வரை, தனிநபர் போட்டிகளில் மாணவர்கள் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டித்தான் அணி சாம்பியனைத் தீர்மானித்தார்கள். இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் இருந்தால்கூடப் பட்டத்தை நெருங்கிவிடலாம். 1977-ல் முறை மாறியது. அணியும் அணியும் நேருக்கு நேர் மோதும் நாக் அவுட் போட்டி வந்தது. ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். இதில் ஒரு கணக்கு உண்டு: முதல் இடத்தில் ஆடும் ஹீரோ வென்றாலும் ஒரு புள்ளி, ஆறாவது இடத்தில் ஆடும் பெயர் தெரியாத பையன் வென்றாலும் அதே ஒரு புள்ளி.

கூல்டின் 17 பட்டங்களில் 2 பழைய முறையில் வந்தவை, 15 புதிய முறையில் வந்தவை. புதிய கணக்கை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை இன்னொரு எண் சொல்கிறது. ஸ்டான்போர்டு அணிப் பட்டம் வென்ற 17 ஆண்டுகளில், தனிநபர் ஒற்றையர் பட்டத்தையும் ஸ்டான்போர்டு மாணவரே வென்றது 9 ஆண்டுகளில்தான். மீதி 8 ஆண்டுகளில் நாட்டின் நம்பர் ஒன் கல்லூரி ஆட்டக்காரர் வேறு ஏதோ பல்கலைக்கழகத்தில் இருந்தார், நம்பர் ஒன் அணி மட்டும் ஸ்டான்போர்டில் இருந்தது. 1988, 89, 90 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். மூன்றிலும் ஒற்றையர் சாம்பியன் வெளியாள். 1995, 96, 97-லும் அதே கதை.

ஆட்டப் பாணியிலும் ஒரு ஒற்றுமை தெரியும். சர்வீஸ் போட்டுவிட்டு வலையை நோக்கி முன்னேறும் தாக்குதல் ஆட்டத்தை அவர் ஊக்குவித்தார். டேனரின் சர்வீஸ், மெக்கன்ரோவின் வாலி, பிரையன் சகோதரர்களின் வலையோர ஆட்டம் என்று வரிசையாகப் பார்த்தாலே புரியும்.

மெக்கன்ரோவை ஒரு வருஷம் வைத்திருந்த கதை

1977 கோடையில் ஜான் மெக்கன்ரோவுக்கு 18 வயது. தகுதிச் சுற்றில் ஆடி விம்பிள்டனுக்குள் நுழைந்து, அரையிறுதி வரை போய், கானர்ஸிடம் தோற்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. இன்று அப்படி ஒரு பையன் கிடைத்தால் கல்லூரிப் பக்கமே வரமாட்டான். அவர் அந்த ஆண்டு ஸ்டான்போர்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஒரே ஒரு கல்வியாண்டு இருந்தார். 1978-ல் அணி ஒரு போட்டியிலும் தோற்காமல் சாம்பியன் ஆனது. ஒற்றையர் இறுதியில் ஜான் சாட்ரியோடு நான்கு செட் போராட்டம். மெக்கன்ரோ வென்ற மூன்று செட்டும் டை பிரேக்கரில் முடிந்தவை. பட்டத்தோடு கிளம்பித் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்க ஓபன் சாம்பியன்.

மெக்கன்ரோ போனதும் ஸ்டான்போர்டு சரிந்ததா? 1979-ல் பட்டம் இல்லை. 1980-லும் 81-லும் மீண்டும் சாம்பியன். சில ஆண்டுகள் கழித்து தம்பி பேட்ரிக் மெக்கன்ரோவும் அதே கோச்சிடம் வந்து, 1986, 1988 பட்ட அணிகளில் ஆடினார். அண்ணன் ஒரு வருஷத்தில் கிளம்பிய இடத்துக்கே ஒரு குடும்பம் இன்னொரு பையனை அனுப்புகிறது என்றால், அந்த இடத்தின் மேல் உள்ள நம்பிக்கைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1998: தோற்காத அணி

கூல்டின் அணிகளில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் பலரும் சொல்வது 1998 அணியைத்தான். 28 போட்டிகள், 28 வெற்றிகள். சீசன் முழுக்க அந்த அணி எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தது மூன்றே புள்ளிகள். இரட்டையர்களான பாப் பிரையன், மைக் பிரையன் அந்த அணியில் இருந்தார்கள். பின்னாளில் சேர்ந்து 16 கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்களும் 2012 ஒலிம்பிக் தங்கமும் வென்ற அதே சகோதரர்கள்.

அந்த ஆண்டு ஒற்றையர் இறுதியில் பாப் பிரையனை எதிர்த்து ஆடியவர் யார்? அதே ஸ்டான்போர்டின் பால் கோல்ட்ஸ்டீன். பாப் வென்றார். ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று பட்டங்களையும் ஒரே ஆண்டில் எடுத்தார். பிரையன் சகோதரர்கள் இரண்டு ஆண்டுகளில் கிளம்பினார்கள். தோற்ற கோல்ட்ஸ்டீனோ நான்கு ஆண்டுகளும் இருந்து, நான்கு ஆண்டுகளும் அணிப் பட்டம் வென்றவர். படிப்பை முடித்துத் தொழில்முறை ஆட்டத்திலும் பல ஆண்டுகள் ஆடினார்.

ஊர் ராசியா, கோச் கைவண்ணமா?

நியாயமான கேள்விதான். ஆண்டு முழுக்க வெளியில் ஆடக்கூடிய வானிலை, உலகப் பெயர் பெற்ற பல்கலைக்கழகம். இதெல்லாம் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாமே? ஸ்டான்போர்டு பெண்கள் அணியும் சளைத்ததில்லை. ஃபிராங்க் பிரென்னன் 10, அவருக்குப் பின் லேலி ஃபொரூட் 10 என்று 20 தேசியப் பட்டங்கள் வாங்கியிருக்கிறது. ஆகவே இடத்துக்கும் பங்கு உண்டு, மறுக்க முடியாது.

ஆனால் ஆண்கள் பக்கம், அதே இடம் அவருக்கு முன் 21 ஆண்டுகள் ஒன்றும் தரவில்லை. அவர் காலத்திலும் எல்லாம் சுலபமாக இல்லை. 2000-க்குப் பிறகு மற்றப் பல்கலைக்கழகங்கள் ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களைச் சேர்த்தன. 2004-ல் சாம்பியன் ஆன பேலர் அணியில் ஏறக்குறைய எல்லோரும் வெளிநாட்டவர். கூல்டின் கடைசி நான்கு சீசன்களில் பட்டம் இல்லை. 2004-ல் 38 ஆண்டுப் பணியை முடித்துக்கொண்டு, டென்னிஸ் இயக்குநராக அங்கேயே தொடர்ந்தார். மொத்தக் கணக்கு: 776 வெற்றிகள், 148 தோல்விகள். 10 ஒற்றையர் சாம்பியன்கள்.

இந்தக் கணக்குகளில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1973-லிருந்து 2000 வரை 28 ஆண்டுகளில், ஸ்டான்போர்டு தொடர்ந்து பட்டமில்லாமல் இருந்த மிக நீண்ட காலம் இரண்டே ஆண்டுகள். அதாவது, அந்தக் காலத்தில் அணியில் நான்கு ஆண்டு இருந்த எந்த மாணவரும் தேசியப் பட்டம் இல்லாமல் வீட்டுக்குப் போகவில்லை. ஆறாவது ஆளும் சரி, நட்சத்திரமும் சரி.

அவருக்குப் பிறகு பொறுப்பேற்றவர் ஜான் விட்லிங்கர், 1974-ல் அவரிடம் ஆடி ஒற்றையர் பட்டம் வென்றவர். 2014-ல் விட்லிங்கருக்குப் பின் வந்தவர், 1998 இறுதியில் தோற்ற அதே பால் கோல்ட்ஸ்டீன். இருவரும் அவர் மாணவர்களே. இருந்தும் 18-வது பட்டம் வரவில்லை. கற்றுக்கொடுத்ததைக் கைமாற்றலாம், ஆனால் காலத்தையும் போட்டியையும் கைமாற்ற முடியாதே.

இதில் நமக்கு என்ன?

ராக்கெட் பிடிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் பிளஸ் டூ நெருங்கும்போது ஒரு கேள்வி வரும்: படிப்பா, டென்னிஸா? இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் அந்தக் கேள்விக்கு ஒரு மூன்றாவது பதில். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஆடி 1995-ல் கல்லூரி இரட்டையர் பட்டம் வென்றவர். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 ஒற்றையர் பட்டங்களை எடுத்தார். 2007 இறுதியில் அவர் வீழ்த்தியது ஜான் ஐஸ்னரை. 2010 ஆசிய விளையாட்டில் சோம்தேவ் ஒற்றையர் தங்கம் வென்றார். இரட்டையர் தங்கத்தை அவரோடு பகிர்ந்த சனம் சிங்கும் வர்ஜீனியாவில் ஆடியவர்.

எல்லோரும் மெக்கன்ரோ ஆகப்போவதில்லை. கூல்டிடம் ஆடியவர்களிலும் பெரும்பாலோர் ஆகவில்லை. பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோர் ஒரு கோச்சிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கணக்கே சொல்லித்தருகிறது: "உங்க நம்பர் ஒன் யாரு?" என்று கேட்காதீர்கள். "உங்க ஆறாவது ஆள் எப்படி ஆடுறான், படிப்பை முடிச்சானா?" என்று கேளுங்கள்.