இளவேனிலில் நந்தவனத் திருப்பணி

திருப்புகலூரில் அவதரித்த முருக நாயனார், வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து, வெவ்வேறு கூடைகளில் இட்டு, வர்த்தமானீச்சரத்து இறைவனுக்கு மாலை தொடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும். பூக்கொய்த தொண்டைப் போற்றுகின்ற நாம், அப்பூ மலர்வதற்கு நீர் வார்க்கும் தொண்டினையும் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் பருவம். திருவிழாக்கள் மிகுந்த இந்நாட்களில் கொன்றை பொன்னெனப் பூத்துத் தொங்கும். மல்லிகை மிகுதியாக அரும்பும். நந்தவனம் நீரின்றி வாடுங்காலமும் இதுவே. இப்பருவத்தில் அன்பர் பலர், கொடியேற்றத்தன்று ஆர்வத்தோடு கன்று கொணர்ந்து நட்டுச் செல்கின்றனர். அதன் வேர் மண்ணைப் பற்றுமுன்னரே, மே மாதம் 4ஆம் நாளையொட்டி அக்கினி நட்சத்திரம் வந்துவிடுகிறது. விழா முடிந்தபின் நீர் வார்ப்பார் இலர். நட்டவர் பெயர் எழுதிய பலகை நிற்கிறது, கன்று நிற்பதில்லை.

ஆதலின் இளவேனில் நடுங்காலம் அன்று. இருப்பனவற்றைக் காத்து, குழியெடுத்து வைக்குங் காலம். மல்லிகைக்கு ஓரடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியை இப்போதே தோண்டி வெயில் படவிடுக. மண்ணிலுள்ள புழுக்களும் பூச்சி முட்டைகளும் வெப்பத்தால் பெரிதும் அழியும். தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்திட்டு, மழை தொடங்கிய பின்னரே நடுக. நிற்கின்ற மல்லிகையை இப்போது கவாத்துச் செய்யலாகாது. அது கார்த்திகைக்குரிய பணி. புழு துளைத்த அரும்புகளைக் கிள்ளியெடுத்து அழித்துவிடுக. அவற்றைச் செடியடியிலேயே எறிவது புழுவுக்கு விருந்திடுவதாகும்.

வில்வம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவமும் பெரும்பாலும் இதுவே. அருச்சனைக்கென்று தளிர்க்கொம்புகளை முறித்து மரத்தை மொட்டையாக்குவோரைக் காணுந்தோறும் உள்ளம் வருந்துகிறது. வில்வத்திற்கு நிர்மாலிய தோஷமில்லை, கழுவி மீண்டும் சாத்தலாம் என்று பெரியோர் விதித்திருக்க, இவ்வவசரம் எற்றுக்கு?

நண்பகலில் ஊற்றும் நீரில் ஒரு பகுதி வீணே ஆவியாகும். காலையிலோ மாலையிலோ வார்த்தலே முறை. திருச்சுற்றில் பெருக்கிய சருகைக் கொளுத்தாது செடியடியில் பரப்பினால் ஈரம் நிற்கும்.

அக்கினி நட்சத்திர நாட்களில் சிவலிங்கத் திருமேனியின்மேல் தாராபாத்திரம் கட்டி, நீர் துளித்துளியாக விழச்செய்வதை நாம் கண்டு தரிசிக்கின்றோம். சென்ற மழையில் நட்ட இளங்கன்றுகளுக்கும் ஏறக்குறைய அம்முறையே உகந்தது. மெருகிடாத மண்பானையொன்றைக் கன்றுக்கு அருகில் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்புக. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரைச் சென்றடையும். மேல்மண் நனையாமையால் களையும் மிகாது. சில நாட்களுக்கு ஒருமுறை குறைந்த நீரை நிரப்பினால் போதும். தரிசனத்திற்கு வருவோரே இதனை முறைவைத்துச் செய்யலாம். பானையின் வாயை ஓட்டினால் மூடிவைக்க மறவற்க. இன்றேல் கொசு பெருகும்.