சத்திரத்துச் சோறும் பொட்டலத் தீனியும்

திருச்சிராப்பள்ளியில் காலடி வைத்தவர்களில் சத்திரம் பேருந்து நிலையத்தை அறியாதவர்கள் இருக்க முடியாது. மலைக்கோட்டைப் பிள்ளையாரைத் தரிசிக்க வருகிறவர்கள், ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவுக்கும் போகிறவர்கள், துறையூர், முசிறிப் பக்கங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், தூய வளனார் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அங்கே வந்து நின்றுதான் ஆகவேண்டும். காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். தேர்த் திருவிழாதான் நடக்கிறதோ என்று மயங்கிப் போவீர்கள்.

அந்தத் திருவிழாவைத் தினந்தோறும் சேவிக்கும் பாக்கியம் பல வருஷமாக நமக்குக் கிடைத்து வருகிறது. நமது தொழில் உபாத்தியாயர் தொழில். கையில் குடையும், பையில் திருத்தாத காம்போசிஷன் நோட்டுகளுமாக அங்கே பஸ்ஸுக்குக் காத்திருப்போம். நம்மைச் சுற்றி நிற்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் கையில் பளபளக்கும் காகிதப் பொட்டலம் ஒன்று இருக்கும். வறுவல், கிரீம் பிஸ்கோத்து, வர்ணம் பூசிய சோளப் பொரி, இவைதாம் அவர்களுடைய காலைப் பலகாரம். வெகு காலம் வரையில் இதை நாம் பார்த்தோமே தவிரக் கவனிக்கவில்லை.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் கவனிக்கும்படி நேர்ந்தது. ஆறாம் வகுப்பில் முதல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுவன் தலையை மேஜைமேல் சாய்த்துக்கொண்டு கிடந்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்துச் சற்றுக் கடுமையாகவே, "எழுந்து நில்" என்றோம். எழுந்தான்; அடுத்த கணம் தள்ளாடிப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். அருகில் போய், "காலையில் என்ன சாப்பிட்டாய், தம்பி?" என்று கேட்டோம்.

"ஒரு பாக்கெட் வறுவல், ஸார்."

"வேறு ஒன்றும் இல்லையா?"

"டீ குடித்தேன், ஸார்."

நமக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை சத்திரத்தில் அவனுடைய தாயாரைக் கண்டோம். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிற அம்மாள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. தோளில் இரண்டு பைகள். உபாத்தியாயர்களுக்கு உபதேசம் செய்ய இடம் பொருள் ஏவல் வேண்டியதில்லை அல்லவா? உடனே ஆரம்பித்துவிட்டோம். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கள் சொல்வது வாஸ்தவந்தான், ஸார். நான் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். தண்ணீர் பிடித்து, மத்தியானத்துக்குச் சோறு வடித்து, இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி ஏழேகாலுக்கு வீட்டைப் பூட்ட வேண்டும். மாவு அரைக்க எனக்கு எங்கே ஸார் நேரம்? ஐந்தாம் வகுப்பு வரையில் பள்ளிக்கூடத்திலேயே உப்புமாவும் சாம்பாரும் கொடுத்தார்கள், கவலையில்லாமல் இருந்தேன். இப்போது பத்து ரூபாய்க்குப் பிள்ளை அழாமல் பஸ் ஏறுகிறதற்கு இதுதான் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலே காலைப் பலகாரம் யார் ஸார் பண்ணுகிறார்கள்?"

கடைசிக் கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை. நல்ல வேளையாகப் பஸ் வந்துவிட்டது.

விரைவு குற்றமா?

நேயர்களிடம் உண்மையை மறைப்பானேன்? நம் இல்லாளும் அலுவலகம் போகிறவர். நம் வீட்டுக் குழந்தைகள் இருவரும் வாரத்தில் நாலு நாள் ரொட்டியும் பழப்பாகும் தின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இருபது வருஷ இல்லறத்தில் நாம் ஒரு நாளாவது உளுந்து ஊறப் போட்டது கிடையாது. "நம் பாட்டி காலத்தில் இப்படியா?" என்று பெருமூச்சு விடுவது மாத்திரம் தவறாமல் நடந்து வந்தது.

அன்று மாலை சத்திரத்தில் இறங்கியபோது அந்தப் பெயரே நம்மைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. சத்திரம் என்றால் என்ன? வழிப்போக்கர்கள் தங்கிப் பசியாறிப் போகும் இடம். அவசரமாகப் போகிறவனுக்கு ஆகாரம் தயாராக இருக்கவேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. சத்திரமில்லாத வழிக்குக் கட்டுச்சோறு இருந்தது. புளியோதரை, தயிர்ச்சாதம், அவல், பொரிமாவு எல்லாம் அடுப்பை நாடாமல் உண்பதற்கென்றே ஏற்பட்டவை. ஆகையால் விரைவைப் பழிப்பதில் அர்த்தமில்லை. பொட்டலத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டி காலத்துப் பலகாரத்தில் உளுந்து, அரிசி, உப்பு இவற்றோடு கணக்கில் எழுதாத ஒரு சாமானும் சேர்ந்திருந்தது. அது வீட்டுப் பெண்களின் பொழுது. ஆட்டுக்கல்லின் முன் கழிந்த மணிகளை யாரும் எண்ணவில்லை. இன்று அந்தப் பொழுதில் பெரும்பகுதி ஜவுளிக் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

பொட்டலத்தின் ஜாதகம்

பொட்டலத்தின் பின்புறத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய எழுத்தில், அதன் ஜாதகம் அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் சூத்திரம் சுலபமானது. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது முதலில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களுக்குள் மைதா, சர்க்கரை, எண்ணெய் இவை வந்தால் மேலே படிக்கவேண்டிய அவசியமில்லை. சர்க்கரை இத்தனை கிராம் என்று போட்டிருந்தால் அதை நாலால் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அத்தனை தேக்கரண்டிச் சர்க்கரை என்று தெரிந்துகொள்ளலாம். உப்பு விஷயத்தில், வளர்ந்த மனிதருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அபிப்பிராயம். குழந்தைக்கு அதைவிடவும் குறைவாகவே வேண்டும்.

இது மேனாட்டார் சொல்லும் எச்சரிக்கை மாத்திரம் அல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அதன் பூர்வீகம் நம் நீலகிரி. தீட்டிய அரிசியையே உண்பவர்களைப் பீடித்த பெரிபெரி நோயை ஆராய்வதற்காக 1918-ல் குன்னூரில் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக் கூடமே பிற்பாடு வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது என்று காந்தியடிகளும், தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவும் கைக்குத்தல் அரிசிக்காக மன்றாடினார்கள். அந்த நிறுவனம் 2024-ல் இந்தியர்களுக்கு வெளியிட்ட உணவு நெறிகளில், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த ஆலைத் தின்பண்டங்களைக் கூடியவரை குறைக்கும்படி சொல்லியிருக்கிறது. அன்று தீட்டிய அரிசியிடம் இழந்ததை இன்று வர்ணப் பொட்டலத்திடம் இழக்கிறோம்.

நஷ்டம் சிறிதல்ல. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை காணப்பட்டது. ஆகாரத்தோடு டீ குடித்தால் அதிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு கிரகிப்பது குறையும். பொட்டலமும் டீயுமாகப் பள்ளிக்கூடம் வந்த நம் மாணவன் மேஜைமேல் சாய்ந்ததில் என்ன ஆச்சரியம்?

லக்ஷக்கணக்கில் ஓர் உதாரணம்

"விரைவாகவும், சகாயமாகவும், சத்தாகவும் ஒரே சமயத்தில் செய்ய முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு நம் மாகாணமே பதில் சொல்லியிருக்கிறது. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்தார்கள். 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை 1-ந் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் வேறெதுவும் அல்ல, நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சிதான். 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் பிறந்தது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பிறகு 2024-லும் 2025-லும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையில் என்று வகுக்கப்பட்ட திட்டம் அது.

அந்தக் காலை உணவு என்ன? உப்புமா, கிச்சடி, பொங்கல். ஒரு குழந்தைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய்கறி. சமைக்கிறவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். பள்ளி மணி அடிப்பதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். இதைவிட அவசரச் சமையல் உண்டா? ஆனாலும் அதில் தானியம் இருக்கிறது, பருப்பு இருக்கிறது, காய் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த விரைவு உணவும் நல்ல உணவாகிவிடும் என்பதே நாம் கண்ட ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி

அந்த ரகசியத்தை நம் வீட்டில் பரீட்சித்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம் வீட்டில் எல்லோரும் அடுப்பங்கரையில் இருப்பது என்று ஏற்பாடு. முதல் வாரம் நாம் வறுத்த கோதுமை ரவை கருகிப் போயிற்று. "பிள்ளைகளுக்கு மார்க்குப் போடுகிறீர்களே, இதற்கு எத்தனை மார்க்கு?" என்று இல்லாள் கேட்டார். இரண்டாவது வாரம் பாஸ் ஆகிவிட்டோம். வழிமுறைகள் இவை:

முதலாவது, கிச்சடி. கோதுமை ரவை இரண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு. இரண்டையும் தனித்தனியே வறுத்து, ஆறவிட்டு, கலந்து டப்பாவில் போட்டுவைக்க வேண்டியது. இரவே காரட்டும் பீன்ஸும் நறுக்கிக்கொண்டால், காலையில் குக்கரில் மூன்று பங்கு தண்ணீரோடு எல்லாவற்றையும் போட்டு மூன்று விசில். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள அது உதவும்.

இரண்டாவது, சத்துமாவு. கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை இவற்றை வறுத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்குக் கவலையில்லை. தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிஷம் காய்ச்சிப் பால் சேர்த்தால் கஞ்சி. சின்னக் குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. மாவில் அந்தப் பயமில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கானால் உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் வேண்டாம்.

மூன்றாவது, அடுப்பே வேண்டாத சிவப்பு அவல். கழுவிப் பத்து நிமிஷம் ஊறவைத்துத் தயிரும் துருவிய காரட்டும் சேர்த்தால் ஒரு வேளை ஆயிற்று.

நாலாவது, கடை மாவு. அதை வாங்குவது பாவம் அல்ல. சுத்தமான இடத்தில் அன்றைக்கு அரைத்ததா என்று மட்டும் கேளுங்கள். இட்டிலிக்குச் சட்டினி அரைக்க நேரமில்லாவிட்டால், எள், பொட்டுக்கடலை, கறிவேப்பிலை சேர்த்து இடித்த பொடி இருக்கவே இருக்கிறது.

ஐந்தாவதாக, இயற்கையே கட்டிக் கொடுத்த பொட்டலம் ஒன்று உண்டு. உறையைப் பிரிக்கக் கத்திரி வேண்டாம். ஜாதகம் படிக்கவும் வேண்டாம். அதுதான் வாழைப்பழம். காவேரிக் கரையில் இருந்துகொண்டு, 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தையே தன்னிடத்தில் வைத்துக்கொண்டிருக்கும் திருச்சியில், குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்காமல் வறுவல் வாங்கிக் கொடுப்பது நியாயமா? அதோடு அவித்த முட்டை ஒன்றோ, முட்டை உண்ணாதவர்கள் வீட்டில் ஒரு பிடி சுண்டலோ சேர்ந்தால் போதும்.

ஆனால் இவற்றையெல்லாம் வீட்டுத் தாயார் ஒருத்தியின் தலையிலேயே சுமத்தினால், நாம் எழுதியது அத்தனையும் வீண். ரவை வறுக்க ஆண் பிள்ளைக்குக் கை இல்லையா? காய் நறுக்கப் பதினொரு வயதுச் சிறுவனுக்குத் தெரியாதா? தெரியாவிட்டால் கற்றுக்கொடுப்பதுதானே நம் தொழில்?

மீண்டும் சத்திரம்

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளை மறுபடி கண்டோம். இந்தத் தடவை உபதேசம் செய்யவில்லை. நம் வீட்டில் அரைத்த சத்துமாவு ஒரு டப்பாவும், ரவை கருகிய கதையும்தான் கொண்டுபோயிருந்தோம். கதையைக் கேட்டு அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "ராத்திரி பையனையே காய் நறுக்கச் சொல்கிறேன், ஸார்" என்றாள். இப்போது பல நாட்களில் அந்தச் சிறுவன் தூக்கில் கஞ்சியோடு பஸ் ஏறுகிறான். சில நாட்களில் பழைய பொட்டலமும் கையில் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய்யாகும். முதல் பாடத்தில் தலை சாய்ப்பது மட்டும் நின்றுவிட்டது.

அந்த நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் நமக்கு ஓர் ஆசை தோன்றுகிறது. சுதந்திரம் பெற்ற தேசத்தில் ஒரு குழந்தை வெறும் வயிற்றோடு பாடம் கேட்கலாகாது. வறுவல் விற்கும் விலைக்கே, அதே இடத்தில், ஒரு தொன்னைச் சூடான கிச்சடியும் ஒரு வாழைப்பழமும் கிடைக்கும்படி யாராவது ஒரு சுய உதவிக் குழுவினர் கடை போட்டால் எப்படியிருக்கும்? நேயர்கள் தத்தம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டுகளில் இதை யோசித்துப் பார்க்கட்டும். திருச்சியில் அப்படி ஒரு கடை ஏற்பட்டால் முதல் தொன்னைக்கு நாமே காசு கொடுக்கிறோம். அன்றைக்குத்தான் சத்திரம் என்ற பெயர் அந்த இடத்துக்கு மறுபடியும் பொருந்தும்.