எது கடைசி டிராயிங்?



நம்ம கேட் லேபில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். 'ஷாஃப்ட்', 'ஷாஃப்ட் நியூ', 'ஷாஃப்ட் ஃபைனல்', 'ஷாஃப்ட் ஃபைனல் 2' என்று ஒரு குடும்பமே குடியிருக்கும். இதில் எது கடைசி என்று கேட்டால், வரைந்தவரே தலையைச் சொறிவார். லேபில் இது சிரிப்பு. பட்டறையில் இது காசு.

அந்தக் காலத்து டிராயிங் ஆபீஸில் இந்தக் குழப்பம் குறைவு. அசல் என்பது ஒரே ஒரு டிரேசிங் ஷீட். அது அலமாரியில் பூட்டியிருக்கும். பட்டறைக்குப் போவது அதன் அம்மோனியா பிரிண்ட் மட்டும். அளவு மாறினால் அசலைத் திருத்தி, ஓரத்துக் கட்டத்தில் ரிவிஷன் எழுத்து, தேதி, கையெழுத்து போட்டு, புதுப் பிரிண்ட் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 1982-இல் ஆட்டோகேட் வந்தது. பிறகு நகல் எடுக்கச் செலவே இல்லை என்றானது. எல்லாமே அசல் மாதிரி இருப்பதால், அசல் எது என்பதே தெரியாமல் போயிற்று.

பெரிய கம்பெனிகள் இதற்கென்றே விண்ட்சில், டீம்சென்டர் போன்ற சிஸ்டங்களை வைத்திருக்கின்றன. லைப்ரரியில் புத்தகம் எடுப்பதுபோல ஃபைலைப் பதிந்து எடுக்க வேண்டும், திருப்பி வைக்க வேண்டும். அது இல்லாத சின்னப் பட்டறையும், நம்ம ப்ராஜெக்ட் குழுவும் என்ன செய்வது? ஒழுங்கு இருந்தால் சாதா ஃபோல்டரிலேயே சமாளிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

சேவ் வேறு, ரிவிஷன் வேறு

கிரியோவில் (பழைய ப்ரோ-இ) ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் ஃபைல் பெயரின் கடைசியில் 1, 2, 3 என்று எண் ஏறிக்கொண்டே போகும். அது ரிவிஷன் இல்லை. நாம் எத்தனை முறை சேவ் பண்ணினோம் என்ற கணக்கு. டிராயிங் பட்டறைக்கு வெளியான பிறகு செய்யும் மாற்றம்தான் ரிவிஷன். வெளியாகும் முன் நூறு முறை மாற்றினாலும் அது வெறும் வேலைதான்.

ஃபைல் பெயரை மாத்தாதீங்க

சாலிட்வொர்க்ஸ் அசெம்பிளிக்குள் பார்ட் இருப்பதில்லை. எந்தப் பெயரில், எந்த ஃபோல்டரில் பார்ட் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கிறது. அசெம்பிளியை மூடி வைத்துவிட்டு, ஷாஃப்ட்டைத் திருத்தி 'ஷாஃப்ட் ஃபைனல்' என்று வேறு பெயரில் சேவ் செய்தால், அசெம்பிளிக்கு அது தெரியாது. அது பழைய ஷாஃப்ட்டையே சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொள்ளும். எர்ரர் வந்தாலாவது நாம் முழித்துக்கொள்வோம். எர்ரரே வராது என்பதுதான் ஆபத்து.

இன்ப்ளான்ட் டிரெய்னிங்கில் ஒரு பம்ப் பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். 6204 பேரிங்கை 6205 ஆக மாற்றியிருந்தார்கள். அதாவது உள் விட்டம் 20-இலிருந்து 25 மி.மீ., வெளி விட்டம் 47-இலிருந்து 52 மி.மீ. புது ஷாஃப்ட் வேறு பெயரில் கிடந்தது. பிரிண்ட் பழையதிலிருந்து போய்விட்டது. ஹவுசிங்கை 47-க்கு போர் செய்திருந்தார்கள். அதை மறுபடி 52-க்குப் பெரிதாக்கித் தப்பித்தார்கள். ஷாஃப்ட்டை என்ன செய்ய? 20-க்குக் கடைந்து தள்ளிய இரும்பைத் திரும்ப ஒட்டவா முடியும்? அத்தனையும் ஸ்க்ராப். திட்டு வாங்கியது டர்னர் அண்ணன். டிராயிங்கில் இருந்ததைத்தான் அவர் கடைந்தார். நாம் வைக்கும் ஒரு ஃபைல் பெயருக்கு வேறொருவர் தலைகுனிய வேண்டியிருக்கிறது, நண்பர்களே!

ரிவிஷனா, புது நம்பரா?

ஒரே கேள்வி கேளுங்கள்: பழைய பார்ட்டும் புதிய பார்ட்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியுமா? முடியும் என்றால் ரிவிஷன். முடியாது என்றால் புது பார்ட் நம்பர். சேம்ஃபர் சேர்த்தால், விட்டுப்போன குறிப்பை எழுதினால், ரிவிஷன் போதும். 20 மி.மீ. ஷாஃப்ட் 25 ஆனால் அது வேறு பார்ட். இல்லாவிட்டால் ஸ்டோரில் ஒரே நம்பரில் இரண்டு அளவு கலந்து கிடக்கும்.

ரிவிஷனுக்கு ஏ, பி, சி என்று போகலாம். அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.35 தரநிலை ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆகிய ஆறு எழுத்துக்களைத் தவிர்க்கச் சொல்கிறது. ஐ எழுத்து 1 போலவும், ஓ எழுத்து 0 போலவும் அழுக்குப் பிரிண்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் கடைப்பிடிக்கும் முறை

1. ஃபைல் பெயர் என்பது பார்ட் நம்பர் மட்டும். உதாரணம், 1042. 'நியூ', 'ஃபைனல்' கிடையாது. ரிவிஷன் எழுத்து டிராயிங்கின் டைட்டில் பிளாக்கில் இருக்கும்.

2. மூன்று ஃபோல்டர்: 'வேலை', 'வெளியீடு', 'பழசு'. 'வெளியீடு' ஃபோல்டரில் பி.டி.எஃப். மட்டும், '1042-பி' என்று ரிவிஷனோடு. பட்டறைக்குப் பிரிண்ட் அங்கிருந்துதான் போகும்.

3. வெளியான பார்ட்டைத் தொடும் முன் 'பேக் அண்ட் கோ' கொடுத்து, அசெம்பிளி, டிராயிங்கோடு ஜிப் செய்து 'பழசு' ஃபோல்டரில் போடுகிறோம். ஜிப் ஏன்? ஒரே பெயரில் பழைய பார்ட் ஏற்கெனவே திறந்திருந்தால், சாலிட்வொர்க்ஸ் புது அசெம்பிளிக்கும் அதையே எடுத்துக்கொள்ளும்.

4. ஒரு பார்ட் மாறினால் அது எந்தெந்த அசெம்பிளியில் இருக்கிறது என்று பார்க்கிறோம். பேரிங் மாறினால் ஷாஃப்ட், ஹவுசிங், கவர் எல்லாம் கூடவே வரும்.

5. ஒரு நோட்டு. பார்ட் நம்பர், ரிவிஷன், என்ன மாற்றம், ஏன், யார், தேதி. 'ஏன்' என்ற கட்டம்தான் ஆறு மாதம் கழித்து உதவும்.

6. சாவி ஒருவரிடம். 'வெளியீடு' ஃபோல்டரில் அவர் மட்டும்தான் போடுவார். பழைய பிரிண்ட் திரும்ப வந்தால்தான் புதியது கொடுப்பார். வாட்ஸ்ஆப்பில் ஃபைல் அனுப்பும் பேச்சே இல்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இரண்டு பேர் ஒரே பார்ட்டைப் பென்டிரைவில் தனித்தனியாக எடுத்துப்போய்த் திருத்தினால் எந்த நோட்டும் காப்பாற்றாது. ஆள் கூடக்கூட, ஒரு கட்டத்தில் நிஜமான சிஸ்டம் வாங்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று: நம்பர் போடும் ஒழுங்கே இல்லாத இடத்தில் விண்ட்சில் வந்து உட்கார்ந்தாலும், குப்பையைத்தான் பத்திரமாகப் பூட்டி வைக்கும்.

நாளை வேலைக்குப் போகும் இடத்தில் நமக்கு என்ன சாஃப்ட்வேர் கிடைக்கும் என்று தெரியாது. ஒரு நோட்டும் மூன்று ஃபோல்டரும் எங்கேயும் கிடைக்கும். இந்த செமஸ்டர் ப்ராஜெக்டிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.