சரக்கின் பெயரும் சரக்கின் ஊரும்

கடைவீதிக்குச் செல்லும் நம்மவர் முதலில் நோக்குவது சாமானின் பெயரையே. பெயர் நம் நாட்டுப் பெயராயிருந்தால் பண்டமும் நம்முடையதென்று மகிழ்கின்றனர். ஆங்கிலப் பெயராயிருந்தால் அன்னியச் சரக்கென்று ஒதுக்குகின்றனர். இவர்களது சுதேசப் பற்று போற்றத்தக்கதே. ஆனால் பெயரை மட்டும் நம்பும் பற்று எளிதில் ஏமாற்றப்படும் என்பதை எடுத்துக் காட்ட நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஹமாம் சோப்பைக் கவனிப்போம். 1931-இல் இதை வெளியிட்டது டாட்டா எண்ணெய் ஆலைக் கம்பெனி. இந்தியர் முதலைக் கொண்டு 1917-இல் தோன்றிய அக்கம்பெனி, 1993-இல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியோடு இணைக்கப்பட்டது. சோப்பின் பெயர் மாறவில்லை. அதன் உரிமை மாறிற்று. இன்று ஹிந்துஸ்தான் யூனிலீவர் என வழங்கும் அக்கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டவை, லண்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யூனிலீவருக்குச் சொந்தம். ஹிந்துஸ்தானம் பெயர்ப் பலகையில் இருக்கிறது. பங்காதாயத்தின் பெரும்பகுதி கடல் கடந்து செல்கிறது!

இதற்கு நேர்மாறானது பிரிட்டானியா பிஸ்கோத்து. பெயரோ ஆங்கிலேயர் தம் நாட்டுக்கு வழங்கும் பெயர். கம்பெனியோ 1892-இல் கல்கத்தாவில் தோன்றி, இன்று மும்பை வாடியா குழுமத்தாரின் நிர்வாகத்தில் நடைபெறுவது. ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் இத்தகையதே. அது பிறந்தது இங்கிலாந்தில். 1955-இல் சென்னையில் அதன் தொழில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் மூலக் கம்பெனி மறைந்த பின்னரும் சென்னைத் தொழில் நிலைத்தது. இன்று அப்பெயர் ஐஷர் என்னும் இந்தியக் கம்பெனிக்கு உரியது.

இவ்விரண்டிலும் சேராதது பாட்டா. இதை இந்தியக் கம்பெனி என்றே எண்ணுவோர் மிகப் பலர். 1894-இல், இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த ஸ்லீன் என்னும் ஊரில் அது தொடங்கப்பட்டது. ஆயினும் 1930-களில் கல்கத்தாவுக்கருகே பாட்டாநகர் என்னும் தொழில் நகரை அமைத்து, நம் தொழிலாளரைக் கொண்டே பாதரட்சைகள் செய்யலாயிற்று. உரிமை அன்னியருடையது, உழைப்பு நம்முடையது.

ஆகவே, ‘இது சுதேசியா?’ என்னும் ஒரே வினா போதாது. செய்த இடம் எது, மூலப்பொருள் வந்த இடம் எது, லாபம் சேரும் இடம் எது என்று மூன்று வினாக்கள் எழுப்புதல் வேண்டும். இந்தியர் நடத்தும் ஆலையில் செய்த சோப்பிலும் பாமாயில் கலந்திருக்கலாம். அவ்வெண்ணெயை நம் நாடு பெரும்பாலும் இந்தோனேஷியாவிலிருந்தும் மலேஷியாவிலிருந்தும் தருவித்துக் கொள்கிறது.

இவ்வினாக்களுக்குச் சரக்கின் உறை விடை தருகிறதா? 2011-ஆம் ஆண்டின் பொதிப் பண்ட விதிகளின்படி, செய்தவர் அல்லது பொதிந்தவரின் பெயரும் விலாசமும் உறைமீது காணப்பட வேண்டும். இறக்குமதிச் சரக்காயின், இறக்குமதி செய்தவர் பெயரோடு அது உற்பத்தியான நாட்டின் பெயரும் இருத்தல் வேண்டும். ஆனால் கம்பெனியின் உரிமை எந்நாட்டார் கையிலுள்ளது என்பதை அச்சிட வேண்டுமென்ற கட்டாயமில்லை. அதனையும் கட்டாயமாக்குதல் அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

அன்னியர் சரக்கை விரும்புவோர் வாங்கிக்கொள்ளட்டும்; அதற்கு நாம் தடை கூறவில்லை. ஆனால் காசு கொடுப்பவனுக்கு, அக்காசு யாரிடம் போய்ச் சேருகிறதென்று அறியும் உரிமை உண்டு. அவ்வுரிமையை வற்புறுத்திக் கேட்பது தேசபக்தர் ஒவ்வொருவரின் கடமையாகும்.